தோள் எலும்பு அளக்க சி.டி. ஸ்கேன்: தர்மபுரியில் எங்கள் அனுபவம்

கபடி ஆடும் என் மகனுக்கு வலது தோள் நான்கு முறை நழுவிவிட்டது. கடைசி முறை தூக்கத்தில் புரண்டபோதே! பாலக்கோட்டிலிருந்து பஸ் பிடித்து தர்மபுரியில் உள்ள இந்த ஸ்கேன் மையத்துக்குப் போனோம். சில நிமிடங்களில் படம் எடுத்து முடித்துவிட்டார்கள்.

நான் மனதாரப் பாராட்டுவது அங்கிருந்த கதிரியக்க மருத்துவரை. திரையில் மேற்கை எலும்பின் பந்தை நீக்கிவிட்டு, தோள்குழியை மட்டும் நேர்முகமாகத் திருப்பிக் காட்டினார். பேரிக்காய் வடிவக் குழி. அதன் கீழ்ப்பகுதியில் ஒரு வட்டம் வரைந்தார். முன்விளிம்பில், வட்டத்துக்குள், எலும்பே இல்லாமல் ஒரு பிறை! வட்டத்தின் விட்டம் 28 மி.மீ., இழந்த அகலம் 5 மி.மீ.; ஏறக்குறைய 18 சதவீதம். இது 20, 25 சதவீதத்தைத் தொட்டால் விளிம்புச் சவ்வைத் தைப்பது மட்டும் போதாது, வேறோர் எலும்புத் துண்டையும் அங்கே பொருத்த வேண்டும் என்று பல அறுவை மருத்துவர்கள் கருதுகிறார்கள். அந்த எண்ணுக்காகத்தான் நாங்கள் வந்ததே.

ஆனால் அச்சிட்ட அறிக்கையில் 'எலும்பு இழப்பு உள்ளது' என்று மட்டும் இருந்தது. கேட்ட பிறகே அளவைச் சேர்த்தார்கள். அதற்கு ஒரு மணி நேரம் காத்திருந்தோம். நீங்கள் போனால் சதவீதத்தையும், தோள் நழுவும்போது குழியின் விளிம்பில் மோதி, மேற்கை எலும்புப் பந்தின் பின்புறம் உண்டாகும் பள்ளத்தின் அளவையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.