'முழுத் தேக்கு' என்று 260 வெள்ளிக்கு வந்த ரப்பர் மரம்: வாசிப்பு நாற்காலி வாங்குவோர் கவனிக்க

பூங்காவிலோ புளோக் கீழ்த்தளத்திலோ உட்கார்ந்து படிக்க, தூக்கிச் செல்லும் இரண்டு பலகை நாற்காலியை இணையச் சந்தையில் ஆர்டருக்குச் செய்து தருகிறார்கள். முதுகுப் பலகையின் துளைக்குள் உட்காரும் பலகையின் நாக்கைச் செருகினால் நாற்காலி. உருவினால் வெறும் பலகைகள். ஆணி, திருகு கிடையாது. அப்படி ஒன்று 'முழுத் தேக்கு' என்று 260 வெள்ளிக்கு வாங்கினேன், பாதிப் பணம் முன்கூட்டியே பேநவ் வழியாக. மூன்றாவது வாரமே துளையின் இடப்பக்கம் பிளந்தது. விற்றவரைக் கேட்டால், "ஈரத்துல வச்சிருப்பீங்க" என்று பதில்.

ஈரத்தின்மேல் பழி போட வேண்டாம். விளம்பரத்திலேயே குட்டு இருந்தது. முதுகு 85 செ.மீ. நீளம், உட்காரும் பலகை 80, அகலம் 28, கனம் 2, எடை 3 கிலோ என்று போட்டிருந்தார்கள். நாக்குப் பகுதி ஒடுங்குவதைக் கழித்தாலும் இது 8 லிட்டருக்குக் குறையாத மரம். காய்ந்த தேக்கு லிட்டருக்குச் சுமார் 650 கிராம். 5 கிலோவுக்கு மேல் வரவேண்டிய நாற்காலி 3 கிலோ எப்படி ஆகும்? வந்ததை அளந்தபோது அகலம் 22, கனம் 1.5. எடை மட்டும் சொன்னபடியே இருந்தது!

உட்காருபவரின் பாரம் துளைக்கு இருபுறமும் மிஞ்சும் மரத்தில்தான் இறங்கும். துளை 15.3 செ.மீ. அகலம். 28 அகலப் பலகையில் பக்கத்துக்கு 6 செ.மீ.க்கு மேல் மிஞ்சும், 22-இல் 3.3 தான். வளைவைத் தாங்கும் பலம் கனத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், இரண்டு குறையும் சேர்ந்து பலத்தை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கிவிட்டன.

பிளவு சீப்புப் பல் வடிவில் இருந்தது. சிறு துண்டுகளைப் பல் பல்லாக வெட்டிக் கோத்து ஒட்டிய பலகை அது. ஒட்டு சரியாக அந்த ஒடுங்கிய இடத்தில் விழுந்திருந்தது. அடிப்புறத்தைக் கத்தியால் சுரண்டினால் பழுப்புச் சாயத்துக்குக் கீழே வெளிறிய ரப்பர் மரம். ரப்பர் மரம் மட்டமானதல்ல, வீட்டுக்குள் மேசைக்கு நன்றாகவே உழைக்கும். ஆனால் அதில் மாவுச்சத்து அதிகம். நனைந்த புல்லில் வைத்தால் பூஞ்சை கறுக்கும், நாளடைவில் உளுத்துவிடும்.

துளையையும் நேராக வெட்டியிருந்தார்கள். இரண்டு பலகைக்கும் இடையே 105 பாகை வேண்டுமென்றால், 2 செ.மீ. பலகையில் நேர்த்துளைக்கு 26 மி.மீ. உயரம் தேவை. அப்போதும் பாரம் இரண்டு கூர்முனையில்தான் நிற்கும். அவை நசுங்க நசுங்க முதுகு பின்னால் சாயும். துளையின் மேல், கீழ் விளிம்புகளை 15 பாகை சரித்து வெட்டினால் 22 மி.மீ. போதும், பலகை முழுதாகப் படிந்து உட்காரும். அகலத்தில் 3 மி.மீ. இடைவெளி அவசியம். நம் ஊர்க் காற்றில் ஈரம் ஏறினால் நாக்கு 1 மி.மீ. வரை ஊதும், இறுக்கமாக இருந்தால் உருவ வராது.

ஆர்டர் கொடுக்குமுன் பலகையின் வெட்டுமுனையைச் சாயம் பூசாமல் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தரையில் படும் முனைகளுக்கு மூன்று பூச்சு வார்னிஷ் கேளுங்கள்; தண்ணீர் ஏறுவது அங்கேதான். வந்தவுடன், மீதிப் பணம் கொடுக்குமுன், பெட்டி நிறுக்கும் தொங்கு தராசில் போட்டுப் பாருங்கள்.

விற்றவர் வணிகராக இருந்தால், 6 மாதத்துக்குள் தெரியும் குறை கைக்கு வந்தபோதே இருந்ததாகச் சிங்கப்பூர்ச் சட்டம் கருதும். இல்லையென்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. தனிநபரிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு இல்லை. ஆனாலும் 2 ஆண்டுக்குள் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போகலாம், வழக்கறிஞர் வேண்டாம். விளம்பரம் இப்போது நீக்கப்பட்டுவிட்டது. 'முழுத் தேக்கு' என்ற வரியும் அளவுகளும் ஸ்கிரீன்ஷாட்டில் இருப்பதால்தான் கோரிக்கையே போட முடிகிறது.