பட்டறைக்காரர்களுக்காகப் பேசும் சங்கம்: ஒன்றரை வருட அனுபவம்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் எங்களுக்கு ஒரு வெல்டிங் பட்டறை. அப்பா போட்டது, இப்போது நான் பார்க்கிறேன். கேட், கைப்பிடிக் கம்பி, ஐஸ் கம்பெனிக்குக் கூரை டிரஸ் எல்லாம் செய்கிறோம். போன வருடம் மதுரையில் உள்ள ஒரு பொறியியல் தொழில் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்தேன். நம் சார்பில் துறை அலுவலகம், கலெக்டர் ஆபீஸ், எம்.எல்.ஏ. வரைக்கும் போய்ப் பேசுவது அவர்கள் வேலை. சந்தா வருடத்துக்கு 6,000 ரூபாய். ஐந்து ஆள் பட்டறைக்கு அது பெரிய தொகைதான்.

சேர்ந்ததற்குக் காரணம் நிலுவை. ஒரு கட்டுமான கம்பெனி கைப்பிடிக் கம்பி வாங்கிவிட்டுப் பதினொரு மாதமாகப் பணம் தரவில்லை. சங்கத்திலிருந்து வந்த பெரியவர் உட்கார்ந்ததும் பில்லைத்தான் கேட்டார். பொருளும் பொருத்துக் கூலியும் தனித்தனியாக இருக்கிறதா, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு சப்ளைக்கு முன்பே எடுத்ததா என்று பார்த்தார். "சப்ளை தனியா இருக்கு தங்கச்சி, நல்லதாப் போச்சு. எல்லாத்தையும் ஒரே ஒப்பந்த வேலைன்னு எழுதியிருந்தா நிலுவைச் சட்டம் இதுக்குப் பொருந்தாதுன்னு அவங்க வக்கீல் அதைத்தான் பிடிப்பாரு" என்றார். 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, சிறு தொழிலிடம் வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. இப்படி ஒரு சட்டம் இருப்பதே எனக்குத் தெரியாது. இந்த மாதிரி நிலுவைப் புகாருக்கான அரசு இணையதளமான சமாதானில் மனு போடும் முன் இந்தக் கணக்கை எல்லாம் எழுதி கம்பெனிக்கு ஒரு கடிதம் அனுப்பினார். ஐந்தாவது வாரம் அசல் வந்துவிட்டது. வட்டியை நானே விட்டுவிட்டேன், அடுத்த ஆர்டரும் வேண்டுமே.

இந்த வேலைக்கு முழு மார்க் கொடுப்பேன்.

அப்புறம் துரு விஷயம். அதில்தான் எனக்கு மனசு ஆறவில்லை. நம் கடல் காற்றில் சாதாரண பெயின்ட் அடித்த இரும்பு இரண்டு மழைக்கே பொரிந்துவிடும். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாம்பன் பாலத்துக்குத் துருவைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சு, துருப்பிடிக்காத கம்பி என்று பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். இங்கே நான் பார்க்கும் சின்ன டெண்டர்களிலோ கைப்பிடிக்கு இன்னமும் பிரைமர் ஒரு கோட்டும் எனாமல் இரண்டு கோட்டும்தான். ஹாட் டிப் கால்வனைசிங்குக்கு, அதாவது உருக்கிய துத்தநாகத்தில் இரும்பை முக்கியெடுக்க, வெளியூர் அனுப்ப வேண்டும், கிலோ கணக்கில் கூலி. அதைச் சேர்த்து விலை போட்டால் டெண்டர் எனக்கு வராது. எனவே கடலோர வேலைகளுக்கு அதை விவரக்குறிப்பிலேயே கட்டாயமாக்கச் சொல்லி மனு கொடுங்கள் என்று கேட்டேன். தங்கச்சிமடத்தில் முறிந்துபோன ஒரு கம்பியைக் கொண்டுபோய் அவர்கள் மேசையிலேயே வைத்தேன். மூன்று கூட்டம் ஆகியும் தீர்மானமாகவில்லை. பெரிய ஒப்பந்தக்காரர்களும் உறுப்பினர்கள், செலவு கூடுவதை அவர்கள் விரும்பவில்லை என்று செயலாளரே வெளிப்படையாகச் சொன்னார். அந்த நேர்மை பிடித்திருந்தது. ஆனால் அந்தக் கைப்பிடியைப் பிடித்து இறங்குவது வயதானவர்களும் பிள்ளைகளும்.

நிலுவை மாட்டிக்கொண்டவர்கள் தயங்காமல் சேரலாம். உத்யம் சான்று, பர்ச்சேஸ் ஆர்டர், வாங்கியவர் கையெழுத்தும் சீலும் உள்ள டெலிவரி சலான், மூன்றையும் முதல் நாளே எடுத்துப் போங்கள். டெண்டர் விதியை மாற்றத்தான் சேர்கிறீர்கள் என்றால் தனியாகப் போகாதீர்கள். நான் சந்தாவைப் புதுப்பித்துவிட்டேன். அடுத்த கூட்டத்துக்கு உச்சிப்புளியிலிருந்தும் தொண்டியிலிருந்தும் இரண்டு பட்டறைக்காரர்கள் கூட வருகிறார்கள், ஆளுக்கொரு துருப்பிடித்த கம்பியோடு.