1968 போன்டியாக் ஜிடிஓ: 11 வருடம் வைத்து ஓட்டியதில்

மிச்சிகனுக்கு வேலைக்கு வந்த முதல் ஆகஸ்ட் மாதம், டெட்ராய்டுக்கு வடக்கே உட்வர்ட் அவென்யூ ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். 1995-லிருந்து வருடா வருடம் அங்கே பழைய கார்கள் அணி அணியாகப் போகும். சிக்னலில் நின்றிருந்த ஒரு பச்சை ஜிடிஓ கிளம்பியது. சத்தம் காதில் விழும் முன்பே நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. அன்றிலிருந்து ஆறு வருடம் காசு சேர்த்து, ஒரு 1968 மாடலை வாங்கினேன். 400 கன அங்குல வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின், நான்கு கியர் மேனுவல். இதுவரை 19,000 மைல் ஓட்டியிருக்கிறேன்.

இந்த வண்டி பிறந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நடுத்தர அளவு கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக் கூடாது என்பது போன்டியாக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் விதி. ஜான் டிலோரியன் தலைமையில் இருந்த போன்டியாக் பொறியாளர்கள் புது மாடல் என்று அனுமதி கேட்கவே இல்லை. 1964 டெம்பெஸ்ட் லெமான்ஸ் காருக்கு 389 எஞ்சினை ஒரு ஆப்ஷனாக வைத்துவிட்டார்கள். முதல் வருடமே 32,450 வண்டி விற்றது. அப்புறம் யார் தடுக்கப்போகிறார்கள்?

சரி, ஓட்டுவது எப்படி இருக்கும்? காலையில் சாவியைத் திருப்பும் முன் ஆக்ஸிலேட்டரை இரண்டு முறை மிதித்து விட வேண்டும். பிடித்துக்கொண்டதும் கராஜ் முழுக்கப் பெட்ரோல் வாசனை. இரண்டு நிமிடம் உறுமிவிட்டுத்தான் நிதானத்துக்கு வரும். 350 குதிரைத்திறன் என்பது அந்தக் காலத்துக் கணக்கு, ஏர் ஃபில்டர், சைலன்சர் எதுவும் மாட்டாமல் வெறும் எஞ்சினை அளந்தது. இன்றைய சாதாரணக் குடும்பக் கார்கள் சில இதை முந்திவிடும். ஆனால் மூன்றாவது கியரில் மெதுவாகப் போகும்போது காலை அழுத்தினால் கியர் மாற்றாமலே முதுகை சீட்டோடு சேர்த்து அழுத்தும் அந்த இழுவை வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை. என் வண்டியில் எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் டேக்கோமீட்டர் பானெட்டின் மேல், கண்ணாடிக்கு வெளியே இருக்கிறது. சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் முள்ளைப் பார்க்கலாம். மழை பெய்து ஓய்ந்தால் அதற்குள் ஆவி படிந்து ஒன்றும் தெரியாது, அது வேறு விஷயம்.

பிரேக்கை மட்டும் நான் மன்னிக்கவில்லை. நான்கு சக்கரத்துக்கும் பழைய பாணி டிரம் பிரேக். வாங்கிய அடுத்த வருடம், நெடுஞ்சாலையில் 65 மைல் வேகத்தில் போகும்போது முன்னால் போன வேன் சட்டென்று நின்றது. முழு பலத்தையும் போட்டு மிதித்தேன். வண்டி இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய், ஒரு கை இடைவெளியில் நின்றது. மறு வாரமே முன்பக்கம் டிஸ்க் பிரேக் மாற்றிவிட்டேன். அசல் தன்மை போய்விடும் என்று தடுத்தவர்கள் உண்டு. உயிரோடு வீட்டுக்கு வந்து சேருவதும் முக்கியம்தானே.

அடுத்த பாடம் பெட்ரோல் குழாய். இங்கே பங்கில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பரை அது அரித்துவிடும். ஒரு மெக்கானிக் கடையில் சாதாரண ரப்பர் குழாயையே மாட்டி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது கோடையில் வெடிப்பு விட்டு, சூடான எஞ்சின் மேல் சொட்டியது. நல்லவேளை, வாசனையில் கண்டுபிடித்தேன். அதிலிருந்து எத்தனாலைத் தாங்கும் குழாயை நானே வாங்கி மாட்டுகிறேன். எஞ்சின் ஆயிலும் துத்தநாகச் சேர்மம் அதிகமுள்ளதுதான், இல்லையென்றால் எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் தேய்ந்துவிடும். மைலேஜ் கேலனுக்கு 11. நவம்பர் முதல் ஏப்ரல் வரை வெளியே எடுப்பதே இல்லை, சாலையில் போடும் உப்பு இரும்பைத் தின்றுவிடும்.

ஒருநாள் பங்கில் நின்றபோது எண்பது வயது இருக்கும் ஒருவர் வந்து, கை வைக்கலாமா என்று கேட்டார். போன்டியாக் ஆலையில் வேலை பார்த்தவராம். எஞ்சினை ஓடவிடச் சொல்லி, தலையைச் சாய்த்து ஒரு நிமிடம் கேட்டார். "வலப்பக்கம் எக்ஸாஸ்ட் கேஸ்கெட் போகப் போகிறது. சூடானால் சத்தம் நின்றுவிடும், நம்பிவிடாதே" என்றார். எஞ்சின் புகை கசியாமல் இணைப்பை அடைக்கும் தகடு அது. எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து அதே கேஸ்கெட்தான் போனது. இந்த ஊரில் இந்த வண்டி வைத்திருப்பவர்களும் இப்படி உதவுகிறவர்கள்தான். எந்த உதிரி பாகம் யாரிடம் இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் தெரியும். எனக்கு வேண்டிய ஹெட்லைட் வளையத்தை, காசு வாங்காமல் கொண்டுவந்து கொடுத்தவரின் பெயர்கூட அன்றுவரை எனக்குத் தெரியாது.

வாங்க நினைப்பவர்கள் முதலில் சேஸிஸ் எண்ணைப் பாருங்கள். 1968 ஜிடிஓ என்றால் 242-ல் தொடங்க வேண்டும். லெமான்ஸில் பெயர்ப் பட்டையை மட்டும் மாற்றி விற்பவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் டிக்கியின் தரை விரிப்பைத் தூக்கி, துரு இருக்கிறதா என்று பாருங்கள். பின்கண்ணாடியின் கீழ் விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பெயிண்ட் உள்ளே அமுங்கினால் அடியில் இரும்பு துருப்பிடித்துவிட்டது என்று அர்த்தம், விலையை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.