பேரலை மாற்றிவிட்டேன் என்றார், மாற்றவே இல்லை

ஹூஸ்டன் பக்கம் பிஸ்டல் வைத்திருக்கிற நம் ஆட்கள் யாராவது பேரல் (குண்டு போகும் குழல்) வேலைக்குக் கொடுப்பதாக இருந்தால் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். எனக்கு 530 டாலரும் 11 வாரமும் போயிற்று.

என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு 1911 மாடல் பிஸ்டல். ஐந்து அங்குல பேரல், .45 ஏசிபி தோட்டா. 25 கஜத்தில் மணல் பைமேல் கையை வைத்துச் சுட்டால் ஐந்து குண்டும் மூன்றரை அங்குலத்துக்குள் விழும். பழைய துப்பாக்கிக்கு அது மோசமில்லை, ஆனால் ரேஞ்சில் பக்கத்து லேன்காரர் இரண்டு அங்குலத்துக்குள் போட்டுக்கொண்டிருக்கும்போது மனசு கேட்குமா? மேட்ச் பேரல் (போட்டிக்கான துல்லியமான பேரல்) போடு, எல்லாம் சரியாகிவிடும் என்று அவர்தான் கிளப்பிவிட்டார். அப்புறம் எனக்கும் ஒரு ஆசை, பேரலை மூடியிருக்கிற ஸ்லைடைப் பின்னால் இழுத்தால் பேரல் பளபளவென்று தெரிய வேண்டும் என்று.

ஊருக்கு வெளியே ஒரு கன்ஸ்மித்தை, அதாவது துப்பாக்கி மெக்கானிக்கைப் பிடித்தேன். ஆள் நன்றாகப் பேசினார். ஸ்டெயின்லெஸ் மேட்ச் பேரல் 260, பொருத்துகிற கூலி 180, கண்ணாடி பாலிஷ் 90 என்று வாயாலேயே கணக்குச் சொன்னார். ரசீதில் எழுதியது "பேரல் வேலை" என்று மட்டும்தான். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது, சொல்லக் கூடாது, புளி போட்டுத் தேய்த்த சொம்பு மாதிரி மின்னியது. இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போனால் ஐந்து குண்டும் ஏழு அங்குலத்துக்குச் சிதறிக் கிடக்கின்றன! என் கைதான் நடுங்குகிறதோ என்று பக்கத்து லேன்காரரிடம் கொடுத்தேன், அவருக்கும் அதே கதிதான். கீழே விழுந்த காலித் தோட்டாக்களைப் பொறுக்கிப் பார்த்தால் அடிப்பக்கம் ஒரு ஓரமாகப் புடைத்திருந்தது. போன் செய்தேன். "புது பேரல் இல்லையா, 500 ரவுண்டு ஓடினால் பழகிவிடும்" என்றார். ரவுண்டு அரை டாலர் என்று வைத்தாலும் அதற்கே 250 டாலர்.

சந்தேகம் வந்தது வேறு வழியில். இரண்டு வாரம் கழித்துக் கழற்றினேன், பேரல்மேல் பழுப்பாக ஒரு கறை. உற்றுப் பார்த்தால் என் கட்டைவிரல் ரேகை, கோடு கோடாக, துருவாகப் பதிந்திருக்கிறது. ஹூஸ்டன் புழுக்கத்தில் துரு பிடிப்பது அதிசயம் இல்லை, ஆனால் ஸ்டெயின்லெஸ் இரண்டே வாரத்தில் இப்படிப் பிடிக்குமா? விளக்கை அணைத்துவிட்டு போன் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தேன். தோட்டா உட்காருகிற சேம்பர்மேல் "45 ஆட்டோ" என்ற பழைய முத்திரை, தேய்த்த சிலேட்டில் எழுத்து தெரியுமே, அப்படித் தெரிந்தது. கொடுக்கும் முன் எடுத்து வைத்திருந்த போட்டோவில் அடிக்காதில், அதாவது பேரலின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கிற உலோகக் காதில், ஒரு கீறல் இருந்தது. அந்தக் கீறலும் அதே இடத்தில் இருக்கிறது. புது பேரலே கிடையாது, என் பேரலின் கறுப்புப் பூச்சைச் சக்கரத்தில் உரித்து எனக்கே விற்றிருக்கிறார். இங்கே சட்டப்படி சீரியல் நம்பர் பிடி இருக்கிற ஃபிரேமில்தான் இருக்கும், பேரலில் தேவையில்லை. அந்தப் போட்டோ இல்லாவிட்டால் நான் எதை வைத்துச் சண்டை போடுவது?

வேறொரு கன்ஸ்மித்திடம் கொண்டுபோனேன். பெரியவர், அதிகம் பேசமாட்டார். மைக்ரோமீட்டரில் பேரலின் முன்முனை விட்டத்தை அளந்தார். 0.580 அங்குலம் இருக்க வேண்டிய இடத்தில் 0.577 இருந்தது. ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு, அதில் என்ன ஆகிவிடும் என்று நானும் நினைத்தேன். ஒரு தலைமுடியின் கனம்தான். ஆனால் 1911-இல் குறிபார்க்கிற சைட் இருப்பது ஸ்லைடுமேல், குண்டு போவது பேரல் வழியாக. அதனால் ஒவ்வொரு முறை மூடும்போதும் பேரல் அதே இடத்தில் வந்து உட்கார வேண்டும். முன்னால் முனையைச் சுற்றியிருக்கிற வளையமான புஷிங், பின்னால் பேரலின் பின்முனையில் மேலே நீண்டிருக்கிற ஹூட், அடியில் காதுகள், முக்கியமாக இந்த மூன்றும்தான் அதைப் பிடித்துக்கொள்கின்றன. முன்பக்கம் தேய்ந்தால் பிடி போச்சு. வெளியே எவ்வளவு பாலிஷ் போட்டாலும் துல்லியம் ஒரு துளிகூட ஏறாது, அளவு மீறினால் குறைந்துதான் போகும். காலித் துப்பாக்கியை மூடி, மேலிருந்து ஹூடைக் கட்டைவிரலால் அழுத்தச் சொன்னார். ஆடியது. ஆடவே கூடாதாம்.

அதைவிட மோசம் முனை விளிம்பு. குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகிற இடம் அது, சக்கரம் பட்டு ஒரு பக்கம் மட்டும் மழுங்கியிருந்தது. பின்னால் குண்டு ஏறி வருகிற வாயையும் "வழவழப்பாக்குகிறேன்" என்று அளவுக்கு மேல் வெட்டியிருக்கிறார், தோட்டாவின் அடிப்பாகத்துக்குத் தாங்கல் இல்லாமல் போய்ப் புடைத்தது அதனால்தான். .45-க்கு 21,000 பிஎஸ்ஐதான் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) உச்ச அழுத்தம், அழுத்தம் இதைவிட அதிகமான 9 எம்எம்மாக இருந்தால் உன் கையைப் பார்த்திருக்க வேண்டும் என்றார் பெரியவர். அந்த பேரலை இனி சுடாதே என்று தனியாக எடுத்து வைத்துவிட்டார்.

மதுரையில் பைக்கை மெக்கானிக்கிடம் விட்டால் "கழற்றின பழைய சாமானை எடுத்து வைங்கண்ணே" என்று சொல்லாமல் அப்பா நகரமாட்டார். நானும் அப்படித்தான் வளர்ந்தேன், இங்கே வந்து மறந்துபோனேன். பழைய பேரல் எங்கே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே அகப்பட்டிருப்பார். எந்த கம்பெனி பேரல், அப்படியே போடுகிறதா அல்லது அரத்தால் ராவிப் பொருத்துகிறதா, இதையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். ராவிப் பொருத்துகிற பேரல் ஹூடிலும் காதிலும் உலோகம் கூடுதலாக வைத்துத்தான் வரும், நல்ல வேலைக்காரர் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து உட்காரவைப்பார். கூலி அதற்குத்தான், மினுமினுப்புக்கு இல்லை. முடித்தபின் அவரே சுட்டுப் பார்த்த டார்கெட் காகிதத்தையும் கேளுங்கள், தராதவரிடம் கொடுக்காதீர்கள்.

போட்டோக்களை அனுப்பியபின் முதல் ஆள் 260-ஐத் திருப்பினார். கூலியும் பாலிஷ் காசும் "வேலை செய்ததற்கு" என்று வைத்துக்கொண்டார், வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. பெரியவர் போட்ட புது பேரலுக்குப் பாலிஷ் எதுவும் கிடையாது, மங்கலாகத்தான் இருக்கிறது. போன சனிக்கிழமை இரண்டேகால் அங்குலம்.