பயர்பாக்ஸில் காணாமல்போன தேடல் பெட்டி

பயர்பாக்ஸ் பிரவுசரைப் பல வருடமாக விடாமல் பயன்படுத்துகிறேன். அதற்கு முதல் காரணம் முகவரிப் பட்டைக்கு வலப்பக்கம் இருக்கும் தனித் தேடல் பெட்டி. 2004இல் வந்த முதல் பதிப்பிலேயே அது இருந்தது. 2008இல் வந்த குரோம் முகவரிக்கும் தேடலுக்கும் ஒரே பட்டை போதும் என்றது. போகப் போக பெரும்பாலான பிரவுசர்களும் அந்த வழிக்கே வந்துவிட்டன. பயர்பாக்ஸும் 2017 நவம்பரில் வந்த 57ஆம் பதிப்பிலிருந்து புதிதாக நிறுவுபவர்களுக்கு அந்தப் பெட்டியைக் காட்டுவதில்லை. ஏற்கெனவே வைத்திருந்தவர்களிடமிருந்து அப்போது பிடுங்கவில்லை. அதனால்தான் பழைய கணினியில் இருக்கும் பெட்டி புதிய லேப்டாப்பில் இருக்காது.

திரும்பக் கொண்டுவருவது சுலபம். கருவிப்பட்டையில் காலியான இடத்தில் வலது கிளிக் செய்து, கருவிப்பட்டையைத் தனிப்பயனாக்கும் வரியைத் தேர்ந்தெடுங்கள். விரியும் பக்கத்தில் தேடல் பெட்டி கிடக்கும். அதை மேலே இழுத்துவிட்டால் முடிந்தது. இரண்டு பட்டைகளுக்கும் நடுவிலுள்ள எல்லையைப் பிடித்து இழுத்து அகலத்தையும் கூட்டிக்கொள்ளலாம்.

என்னைக் குழப்பியது வேறொன்று. எப்போதாவது மட்டும் திறக்கும் ஒரு மேசைக் கணினியில், யாரும் எதையும் தொடாமலே பெட்டி மறைந்திருந்தது. பிரவுசரில் நாம் கூடுதலாகச் சேர்க்கும் துணைநிரல்களை அணைத்துப் பார்த்தேன், பதிப்பைப் புதுப்பித்தேன், ஒன்றும் நடக்கவில்லை. காரணம் பயர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. தேடல் பெட்டியைக் கடைசியாக எப்போது பயன்படுத்தினோம் என்று அது குறித்து வைக்கிறது. 120 நாள் தொடாவிட்டால் தானே எடுத்துவிடுகிறது. இந்தக் கணக்கை மாற்ற வேண்டுமானால் முகவரிப் பட்டையில் 'அபவுட் கான்ஃபிக்' (about:config) என்று அடித்து அந்தப் பக்கத்துக்குப் போய், ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் 'டேஸ்அன்யூஸ்டு' (daysunused) என்று தேடுங்கள். வரும் எண்ணைப் பெரிதாக்கினால் போதும். சொல்லாமல் கொள்ளாமல் எடுத்துவிடுவதற்குப் பதில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்!

இத்தனை மெனக்கெட்டு இந்தப் பெட்டி எதற்கு? நாள் முழுக்கச் சொல் தேடுகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். முகவரிப் பட்டையில் அடித்த சொல், முடிவுகளில் ஒன்றைத் திறந்ததுமே அந்தத் தளத்தின் முகவரியாக மாறிவிடும். தனிப் பெட்டியில் அடித்தது அப்படியே நிற்கும். 'கண்மாய்' என்று தேடி நாலு பக்கம் படித்த பிறகு, கூடவே 'மதகு' என்று சேர்த்துத் திரும்பத் தேட ஒரு சொல்லை அடித்தால் போதும். அதே சொல்லை விக்கிப்பீடியாவில் பார்க்க வேண்டுமா, பெட்டியின் கீழே விரியும் சின்னத்தைத் தட்டினால் ஆயிற்று. கண்ட்ரோலும் கே எழுத்தும் அழுத்தினால் கர்சர் நேரே இங்கே வரும். ஆல்ட்டோடு எண்டர் தட்டினால் முடிவு புதுத் தாவலில் திறக்கும்.

இன்னொன்று, முகவரிப் பட்டை நாம் போன தளங்களை நினைவில் வைத்துத் தானாக நிரப்பும். ரயில் டிக்கெட் தளத்துக்கு அடிக்கடி போகிறவர் ஆங்கிலத்தில் 'ஐஆர்சிடிசி' என்று மட்டும் அடித்து எண்டர் தட்டினால், தேடலுக்குப் பதில் பெரும்பாலும் அந்தத் தளமே திறக்கும். தேடல் பெட்டியில் இந்த அவசரம் கிடையாது.

நடுவில் ஒருமுறை, பிடிஎஃப் மாற்றித் தருவதாகச் சொன்ன ஒரு துணைநிரலால் என் இயல்புத் தேடுபொறியே மாறிப்போனது. அமைப்புகளில் தேடல் பகுதியைத் திறந்தால், எந்தத் துணைநிரல் அதைக் கட்டுப்படுத்துகிறது என்று அங்கேயே எழுதியிருந்தது. நீக்கியதும் சரி. பட்டியலிலிருந்து தேடுபொறிகளே போய்விட்டால், இயல்பானவற்றை மீட்டெடுக்கும் பொத்தானும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது.

ஒரே கணக்கில் நம் கணினிகளை இணைக்கும் ஒத்திசைவை (சிங்க்) நம்பி இருந்துவிடாதீர்கள். புக்மார்க்கும் கடவுச்சொல்லும் புதுக் கணினிக்கு வரும். கருவிப்பட்டை அமைப்பும் நாம் சேர்த்த தேடுபொறிகளும் வராது. இதற்கு நான் செய்வது குறிச்சொல் (கீவேர்டு) வைத்த புக்மார்க். தமிழ் விக்சனரியில் எதையாவது தேடி, முடிவுப் பக்கத்தின் முகவரியில் அந்தச் சொல் வரும் இடத்தில் விழுக்காட்டுக் குறியும் சிறிய ஆங்கில 'எஸ்' எழுத்தும் போட்டுப் புக்மார்க்காகச் சேமியுங்கள். புக்மார்க் மேலாளரில் அதற்குக் குறிச்சொல்லாக ஒரே ஒரு எழுத்து கொடுங்கள். பிறகு முகவரிப் பட்டையில் அந்த எழுத்து, ஓர் இடைவெளி, தேட வேண்டிய சொல், அவ்வளவுதான். இது புக்மார்க் என்பதால் ஒத்திசைவில் கூடவே வந்துவிடுகிறது.

குறை என்று பார்த்தால், சின்னத் திரையில் பெட்டி இடத்தை அடைக்கிறது. அடித்த சொல் அழியாமல் நிற்பது, திரையைப் பிறருக்குக் காட்டும்போது சங்கடமாகவும் ஆகலாம். கூட்டத்துக்கு முன்னால் அதை அழித்துவிடுங்கள். பழைய தேடல்கள் கீழே விரியாமல் இருக்க, பெட்டியில் வலது கிளிக் செய்தால் தேடல் வரலாற்றை நீக்கும் வரி இருக்கிறது.