பிளாஸ்டிக் ஃபில்டர் மூடியும் வால்வ் கவரும்: ஆயில் கசியாமல் ஓட்டிய அனுபவம்

நண்பர் ஒருவர் போன வாரம் போனில் கேட்டார். "உங்க வண்டி மாடல்லயே ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வருது. எஞ்சின்ல பாதி பிளாஸ்டிக்காமே, ஆயில் லீக் வந்துக்கிட்டே இருக்கும்னு மெக்கானிக் சொல்றார். வாங்கலாமா?" போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால் எழுதுகிறேன். மைலேஜ், பிக்கப், ஏசி பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நாலு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், அதில் ஆயிலை வடிகட்டும் ஃபில்டரின் மூடியும், எஞ்சினின் தலையை மூடும் வால்வ் கவரும் பிளாஸ்டிக். அந்த இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வாரண்டி முடிந்ததிலிருந்து ஆயில் மாற்றுவது வீட்டு வாசலில், என் கையால்தான்.

முதலில் அந்த மூடி. கறுப்பு நிறம், உள்ளங்கை அகலம், தலையில் ஆறு பட்டை. மேலே படிந்த அழுக்கைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் "25 என்எம்" என்று அச்சிலேயே வார்த்திருப்பது தெரியும். என்எம் என்றால் நியூட்டன் மீட்டர், முறுக்கின் அளவு. எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதைப் பொருளின் தலையிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இதற்கு மேல் என்ன செய்ய முடியும்? ஆனால் வாரண்டி காலத்தில் வண்டியைப் பார்த்த ஒர்க்‌ஷாப்பில் அதை யாரும் படிக்கவில்லை. பிறகு நான் திறக்கப் போனபோது மூடி அசையவே இல்லை. ஒருவழியாகக் கழன்று வந்தபோது மரைக்கு மேலே மயிரிழை விரிசல். புது மூடி வாங்கித்தான் வண்டியை எடுக்க முடிந்தது. எனக்கு இன்றும் கோபம் ஆறாத இடம் இது.

கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. இந்த மூடியில் கசிவைத் தடுப்பது முறுக்கு இல்லை. ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் மூடியின் பக்கவாட்டுப் பள்ளத்தில் உட்கார்ந்து, ஃபில்டர் இருக்கும் கூடான ஹவுசிங்கின் உள்சுவரை அழுத்திக்கொண்டு நிற்கிறது. மூடியின் விளிம்பு அடியில் போய் முட்டிய பிறகு நீங்கள் எவ்வளவு முறுக்கினாலும் அந்த ரிங்குக்கு ஒரு துளி கூடுதல் அழுத்தம் போகாது. கூடுதல் பலமெல்லாம் பிளாஸ்டிக் மரைக்குத்தான் போகிறது. "கசியுதா, இன்னும் கொஞ்சம் டைட் வை" என்பது நம் ஊர்ப் பட்டறைகளில் பரம்பரையாக வருகிற வைத்தியம். இரும்புக்கு அது ஓரளவு சரி. இங்கே அதுவேதான் நோய்.

25 என்எம் என்பது கைக்கு எப்படி இருக்கும்? கால் மீட்டர் நீளமுள்ள ராட்செட்டின் நுனியில் பத்து கிலோ எடையைத் தொங்கவிட்டால் வருகிற முறுக்கு. அவ்வளவுதான். அரை மீட்டர் பாரைப் போட்டு அதே பலத்தைக் கொடுத்தால் இரண்டு மடங்காகிவிடும், கைக்கு வித்தியாசமே தெரியாது. அதனால் வைத்த அளவு முறுக்கு வந்ததும் 'டிக்' என்கிற சின்ன டார்க் ரெஞ்ச் ஒன்று, 5 முதல் 25 வரை அளக்கிறது, வாங்கி வைத்திருக்கிறேன். வீல் நட்டுக்கு வாங்கிய பெரிய ரெஞ்ச் இதற்கு உதவாது. அளவின் அடிமட்டத்தில் அதை நம்ப முடியாது, 'டிக்' சத்தமும் மெல்லியதாக வந்து தப்பிவிடும். வேலை முடிந்ததும் ஸ்பிரிங்கைக் குறைந்த அளவுக்குத் தளர்த்தி வையுங்கள். எஞ்சினுக்கென்று நான் வாங்கியதில் காசுக்கு முழுப் பலன் தந்தது இந்த ரெஞ்ச்தான்.

ஓ-ரிங்கைப் பற்றி. பழையதைக் கழற்றி புதியதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புதியது விரலுக்கு உருண்டையாகத் தட்டுப்படும். பழையதில் வெளிப்பக்கமும் உள்பக்கமும் தட்டையாகி, வெட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட சதுரமாக இருக்கும். சூட்டில் அழுந்தியே கிடந்த ரப்பர் பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை என்று அர்த்தம். "நல்லாத்தானே இருக்கு, அதையே போட்டுடலாம்" என்று சொல்கிறவரிடம் இந்த இரண்டையும் காட்டினால் போதும், பேச்சு முடிந்துவிடும். ஃபில்டர் பெட்டியிலேயே புது ரிங் வருகிறது, அதைப் போடாமல் விட ஒரு நியாயமும் இல்லை. பழையதைக் கிளப்ப ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், பள்ளத்தில் கீறல் விழுந்தால் அந்தக் கீறல் வழியே ஆயில் வரும். நான் தென்னை ஈர்க்குச்சியைத்தான் பயன்படுத்துகிறேன். சில மூடிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளம் இருக்கும். பழைய ரிங் எதில் இருந்தது என்று கழற்றும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். புது ரிங்கில் புது எஞ்சின் ஆயிலை விரலால் தடவி, எங்கும் முறுக்கிக்கொள்ளாமல் உட்கார வைக்க வேண்டும். காய்ந்த ரிங் மூடியோடு சேர்ந்து திரும்பும்போது மடங்கி அறுபடும்.

துடைக்கிற துணியிலும் கவனம் வேண்டும். பனியன் வேஸ்ட் நூல் விடும். ஒரே ஒரு நூல் ரிங்குக்கு அடியில் மாட்டினால் போதும், காலையில் தரையில் சொட்டு இருக்கும். பெட்ரோல், தின்னர் போட்டு ரப்பரைக் கழுவாதீர்கள், ஊதிப்போகும்.

அப்புறம் வால்வ் கவர். கழற்றித் திருப்பிப் பார்த்தால் உள்பக்கம் 'பிஏ66-ஜிஎஃப்35' என்று இருக்கும். நைலான் 66, அதில் 35 சதவீதம் கண்ணாடி இழை. சாதாரண பிளாஸ்டிக் என்று நினைக்கிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும். ஆனால் எந்த நைலானும் நிரந்தர அழுத்தத்தில் மெல்ல இறங்கிக்கொடுக்கும், வருடக்கணக்கான சூட்டில் விறைத்து நொறுங்கும் தன்மைக்கும் வரும். அது தெரிந்துதான் ஒவ்வொரு போல்ட் துளையிலும் உலோகக் குழாய் ஒன்றைப் பதித்திருக்கிறார்கள். போல்ட்டின் பலம் அந்தக் குழாயோடு நின்றுவிடும், பிளாஸ்டிக் மேல் விழாது. கவருக்கு அடியில் கசிவைத் தடுக்கிற ரப்பர் கேஸ்கெட் எவ்வளவு அழுந்த வேண்டும் என்பதையும் அந்தக் குழாயின் உயரமே தீர்மானிக்கிறது. எவ்வளவு அழகான யோசனை! இந்தச் சின்ன போல்ட்டுகளுக்கு 8, 10 என்எம் போதும், சரியான அளவை உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக, எதிரெதிராக, இரண்டு சுற்றில் வைக்க வேண்டும். ஒரு மூலையை முதலில் இறுக்கிவிட்டால் எதிர் மூலை லேசாகத் தூக்கிக்கொள்ளும்.

சிவப்பு, சாம்பல் நிற சீலண்ட் பேஸ்ட்டைச் சுற்றிலும் பூசுகிற வழக்கத்தை நிறுத்த வேண்டும். ரப்பர் கேஸ்கெட் காய்ந்த பள்ளத்தில் சுத்தமாக உட்கார வேண்டும். டைமிங் செயினை மூடும் டைமிங் கவரும் சிலிண்டர் ஹெட்டும் சேர்கிற இரண்டு மூலைகளில் மட்டும், மேனுவல் சொன்னால், துவரம்பருப்பு அளவு சீலண்ட். அதிகம் வைத்தால் உள்பக்கம் பிதுங்கியது உடைந்து ஆயிலோடு போய், கீழே பம்ப் உறிஞ்சுகிற வலையை அடைக்கும். கசிவை நிறுத்தப் போய் எஞ்சினையே பட்டினி போடுகிற வேலை.

வால்வ் கவர் கசிந்தால் போல்ட்டைத் தொடும் முன் பிசிவி வால்வைப் பாருங்கள். எஞ்சினுக்குள் சேருகிற வாயுவை வெளியேற்றுவது அதுதான்; அந்த வழி அடைபட்டால் வாயு சீல்களைத் தள்ளிக்கொண்டு வரும். ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து அந்தத் துளையின் மேல் ஒரு தாளை வையுங்கள். லேசாக உள்ளே இழுத்தால் நல்லது. தாளைத் தூக்கி எறிந்தால் புது கேஸ்கெட் போட்டும் பயனில்லை. இங்கேதான் எனக்கு இரண்டாவது எரிச்சல். என் வண்டி உட்படப் பல எஞ்சின்களில் அந்த வால்வும் அதன் ரப்பர் சவ்வும் கவருக்குள்ளேயே அமைந்திருக்கின்றன. கையகல சவ்வு கிழிந்தால் கவரையே மாற்று என்கிறார்கள். சவ்வைத் தனியாக விற்க என்ன தடை? சென்னையில் பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டையில் பழைய கவர் கிடைக்கும்தான். ஆனால் அது இன்னொரு எஞ்சினின் சூட்டைத் தின்றது. கண்ணாடிப் பலகையில் கவிழ்த்து வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்க்காமல் வாங்காதீர்கள்.

கசிவு எங்கே என்று தேடும்போது கீழே பார்த்து ஏமாற வேண்டாம். மேலிருந்து வழிந்த ஆயில், எஞ்சினின் கீழ்ப்பகுதியில் இருக்கும் சம்ப் கேஸ்கெட், கிராங்க் சீல் கசிவு மாதிரியே காட்டும். பெரிய செலவு சொல்லப்படுவது இந்தக் குழப்பத்தில்தான். எல்லாவற்றையும் துடைத்துக் காயவிட்டு, சந்தேகப்படும் ஓரங்களில் முகப் பவுடரைத் தூவி, எஞ்சினைச் சூடாகும்வரை ஓடவிடுங்கள். பவுடர் எங்கே முதலில் கறுக்கிறதோ அதுதான் இடம். ஸ்பார்க் பிளக் குழிக்குள்ளும் டார்ச் அடித்துப் பாருங்கள், அங்கே ஆயில் நின்றால் இக்னிஷன் காயிலின் ரப்பர் ஊறி, எஞ்சின் தடுமாறும் (மிஸ்ஃபயர்).

இப்படிப் பார்த்து வந்ததில் புது மூடி இன்றுவரை ஒரு சொட்டுகூட விடவில்லை. வால்வ் கவர் ஓரம் புது வண்டிபோல் காய்ந்து கிடக்கிறது. ஃபில்டரில் இரும்பு டப்பா இல்லை, தாளும் ரிங்கும் மட்டும் மாற்றினால் போதும்; அந்தத் தாளின் மடிப்பை விரித்து உலோகத் துகள் இருக்கிறதா என்றும் பார்க்க முடிகிறது. இந்த வசதிக்காகவே எனக்கு இந்த அமைப்பு மிகவும் பிடிக்கும். அலுமினிய மூடி வாங்கிப் போடு என்று சொன்னவர்களுக்கு இதுவரை நான் காது கொடுக்கவில்லை.

இத்தனையும் சொல்லிவிட்டு நண்பருக்கு என் பதில்: அந்த வண்டியை வாங்காதீர்கள். உங்களுக்கு முன்னால் யார் யார் அந்த மூடியையும் போல்ட்டுகளையும் எந்த நீளக் கம்பியில் முறுக்கினார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. விரிசல் உள்ளே இருந்தால் கழற்றும்வரை தெரியாது, விற்கிறவர் கழற்ற விடமாட்டார். ஆசை விடவில்லை என்றால் பேசும் விலையில் ஒரு வால்வ் கவர், ஒரு ஃபில்டர் மூடி இரண்டின் விலையையும் கழித்துக் கேளுங்கள். அவர் ஒத்துக்கொண்டால் எனக்கு போன் செய்யுங்கள், டார்க் ரெஞ்ச்சோடு வருகிறேன்.