பெயரோடு ஒட்டியிருந்த 'சாமா': மந்திரப் பெண் அனிமேயில் நான்கு காதல்கள்

ஜப்பானிய மொழியில் ஒருத்தி இன்னொருத்தியை எப்படிக் கூப்பிடுகிறாள் என்று கவனித்தாலே அந்த உறவு எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். குடும்பப் பெயரோடு 'ஸான்' சேர்த்தால் ஒரு தூரம். வெறும் பெயர் என்றால் அந்தத் தூரம் போய்விட்டது. ஆங்கில சப்டைட்டிலில் இது பெரும்பாலும் காணாமல் போகிறது. ஆனால் 'நீங்க, நீங்க' என்று பேசிக்கொண்டிருந்தவள் ஒருநாள் சட்டென்று 'நீ' என்று சொன்னால் நெஞ்சுக்குள் என்ன ஆகும் என்று தமிழ்க் காதுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மந்திர சக்தி பெற்ற பெண்கள் உருமாறித் தீமையோடு போரிடும் ஜப்பானியக் கார்ட்டூன் வகைதான் மேஜிக்கல் கேர்ள் அனிமே. அதில் நாயகிகளுக்கு இடையே மலரும் காதலை எடைபோட நான் வைத்திருக்கும் முதல் படிக்கல் இதுதான். முத்தம் உண்டா, 'காதலிக்கிறேன்' என்று வாய்விட்டுச் சொன்னார்களா என்று மட்டும் பார்த்தால் இந்தக் கதைகளில் பாதி கையை விட்டுப் போய்விடும். இரண்டாவது படிக்கல்லும் ஒன்று உண்டு. இந்த வகைக் கதைகளில் ஒருத்தி மற்றவளைக் காப்பாற்றிக்கொண்டே இருப்பாள். அப்படிக் காப்பாற்றப்படுகிறவளுக்கு அதில் ஏதாவது சொல்ல வாய்ப்புக் கிடைக்கிறதா?

கதைகளின் முடிவைத் தொடாமல் இதைப் பேச முடியாது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.

முதலில் ஹருகாவும் மிச்சிருவும். 1994 மார்ச்சில் தொடங்கிய 'சேலர் மூன் எஸ்' பருவத்தில் சேலர் யுரேனஸ், சேலர் நெப்டியூனாக வருகிறார்கள். ஒருத்தி கார் பந்தய வீராங்கனை, மற்றவள் வயலின் கலைஞர், ஓவியமும் வரைவாள். 92-வது எபிசோடில் தொடரின் நாயகி உசாகியும் அவள் தோழி மினாகோவும் ஹருகாவை அழகான பையன் என்று நினைத்துப் பின்னாலேயே அலைகிறார்கள். உண்மை தெரிந்து விழிக்கும்போது, நான் பையன் என்று எப்போதாவது சொன்னேனா என்கிற தோரணையில் நிற்கிறாள் ஹருகா. குழந்தைகள் பார்க்கும் நேரத்தில், நாடு முழுக்க ஒளிபரப்பான தொடர் இது.

மற்ற மூன்று ஜோடிகளும் காதலை நோக்கி நடப்பவர்கள். இவர்கள் நமக்கு அறிமுகமாகும்போதே ஜோடி. முன்கதை பிறகு, 106-வது எபிசோடில் வருகிறது. ஒரு அசுரனிடமிருந்து ஹருகாவைக் காக்கப் போய் மிச்சிரு அடிபட்டுக் கிடக்கிறாள். நீ யுரேனஸ் என்பதால் காப்பாற்றவில்லை, அதற்கு முன்பிருந்தே உன்னைக் கவனித்துக்கொண்டிருந்தேன், உன் காரில் ஒருமுறை கடலோரம் போகவேண்டும் என்று ஆசை என்கிறாள். நான் நடக்கும் பாதையில் நீ நடக்க வேண்டாம் என்றும் சொல்கிறாள். கூடவே, தன்னோடு சேர்ந்து போரிட வேண்டிய அந்த இன்னொருத்தி நீதான் என்று தெரிந்தபோது சந்தோஷமாக இருந்தது என்பதையும் மறைக்கவில்லை. 'வேண்டாம்' என்பதையும் 'நீ வேண்டும்' என்பதையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு முடிவை எதிரில் இருப்பவளிடமே விடுகிறாள். மந்திரக்கோலை எடுப்பது ஹருகாவின் கை. யாரும் அவளை இழுக்கவில்லை. இந்த வகையில் இதைவிட நேர்மையான ஒரு காதல் அறிவிப்பை நான் பார்த்ததில்லை.

110-வது எபிசோடில் இதன் மறுபக்கம். ஒருத்தி விழுந்தாலும் மற்றவள் பணியை நிறுத்தக் கூடாது என்பது இருவரும் பேசிவைத்த ஒப்பந்தம். அன்று விடிவதற்குமுன் தன் கைகள் அழுக்காகிவிட்டன என்று ஹருகா கலங்குகிறாள். எனக்கு உன் கைகள் பிடிக்கும் என்று மிச்சிரு அவற்றைப் பற்றிக்கொள்கிறாள். பிறகு ஒப்பந்தத்தை முதலில் மீறுவதும் அவள்தான்.

2000-இல் வந்த ஆங்கில டப்பிங் இவர்களை ஒன்றுவிட்ட சகோதரிகள் ஆக்கியது. பார்வைகள் அப்படியே, கைகோர்த்தல்கள் அப்படியே, வசனம் மட்டும் வேறு. பின்னால் வந்த புதிய டப்பிங் அதைச் சரிசெய்தது. பழையதில் வளர்ந்த குழந்தைகளில் எத்தனை பேர், தாங்கள் கண்ணால் கண்டதையே நம்பாமல் இருக்கப் பழகியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

2004-இல் வந்தவர்கள் நனோஹாவும் ஃபேட்டும். 'மேஜிக்கல் கேர்ள் லிரிக்கல் நனோஹா'வின் முதல் பருவம் 13 எபிசோடுகள், இயக்கம் ஷின்போ அகியுகி. ஃபேட் என்பது ஒரு பெண்ணுக்கு ஆசையாக வைத்த பெயரில்லை. இறந்துபோன மகளுக்குப் பதிலாக ஒருத்தியை உருவாக்கிய ஆராய்ச்சித் திட்டத்தின் பெயர். பெற்றவளின் இடத்தில் இருந்தவளே அவளைப் பொம்மை என்று தள்ளிவிடுகிறாள். அப்படிப்பட்டவள் கடைசி எபிசோடில் பாலத்தின் மேல் நின்று, நண்பர்கள் ஆவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை என்கிறாள். ரொம்பச் சுலபம், கண்ணைப் பார்த்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிடு என்கிறாள் நனோஹா. எபிசோடின் தலைப்பே 'பெயர் சொல்லிக் கூப்பிடு'. பிறகு தலைமுடி ரிப்பன்களை மாற்றிக்கொள்கிறார்கள்.

அப்போது இருவருக்கும் ஒன்பது வயது. அது நட்பு, அதை நட்பாகவே விடுவதுதான் முறை. ஆனால் 2007-இல் வந்த 'ஸ்ட்ரைக்கர்ஸ்' பருவத்தில் பத்தொன்பது வயது நனோஹா விவியோ என்ற குழந்தையைத் தத்தெடுக்கிறாள். ஃபேட் அதற்குக் காப்பாளர். குழந்தை 'நனோஹா மாமா', 'ஃபேட் மாமா' என்று இரண்டு அம்மாக்களைக் கூப்பிடுகிறது (ஜப்பானியக் குழந்தைக்கு 'மாமா' என்றால் அம்மா). ஒரே அறை, ஒரே குடும்பம், ஒரு பிள்ளை, எல்லாம் இருக்கிறது. காதல் என்ற சொல் மட்டும் கிடையாது. இதை மென்மை என்று கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அது முடியவில்லை. ஹருகாவுக்கும் மிச்சிருவுக்கும் 1994-இல் கிடைத்த வெளிச்சம் 2007-இல் இவர்களுக்குக் கிடைக்கவில்லை என்றால் அது குறைதான். ஆனால் வேறு யாரும் தராத ஒன்றை இவர்கள் தருகிறார்கள். வளர்ந்து, வேலைக்குப் போய், சேர்ந்து வாழும் அன்றாடம் இங்கே இருக்கிறது.

அதே ஷின்போ 2011-இல் 'மடோகா மேஜிகா'வை இயக்கினார், எழுதியவர் உரோபுச்சி கென். ரிப்பனும் பெயரும் இங்கேயும் வருகின்றன, ஆனால் நெஞ்சை அறுக்கும் விதத்தில். நாயகி மடோகாவைக் காப்பாற்றக் காலத்தையே திருப்பும் தோழி ஹோமுரா. 10-வது எபிசோடில் அவளுடைய பழைய உருவத்தைப் பார்க்கிறோம். பின்னல் சடை, மூக்குக் கண்ணாடி, கூச்சம். மடோகா முதல் நாளே அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள், உன் பெயர் அழகு என்கிறாள். ஹோமுராவோ 'கனாமே ஸான்' என்பதைத் தாண்டுவதில்லை. காலத்தைத் திருப்பித் திருப்பி அவள் எடுக்கும் முயற்சிகளில் ஒன்றில், இந்தக் கதையில் மந்திரப் பெண்களுக்கு நேரும் கதிப்படி சூனியக்காரியாக மாறும் முன் என்னைக் கொன்றுவிடு என்று மடோகா கெஞ்சுகிறாள். மழையில் கிடக்கும் ஹோமுரா துப்பாக்கியை நீட்டிக்கொண்டே 'மடோகா!' என்று கதறுகிறாள். கடைசியில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டாயே, சந்தோஷமாக இருக்கிறது என்று சிரிக்கிறாள் மடோகா. அடுத்து வெடிச்சத்தம்.

தொடரின் முடிவில் மடோகா தன் சிவப்பு ரிப்பனை ஹோமுராவிடம் கொடுத்துவிட்டு உலகின் நியதியாகவே கரைந்துபோகிறாள். அது அவள் யோசித்து, அவளே கேட்டுப் பெற்ற முடிவு. 2013-இல் வந்த 'ரெபெல்லியன்' படத்தில் அந்த முடிவை ஹோமுரா பிடுங்கிக்கொள்கிறாள். இது என்ன என்று கேட்டால், காதல் என்கிறாள். ஆம், அந்தச் சொல் வாய்விட்டே வருகிறது. கடைசியில் அந்த ரிப்பனை மடோகாவின் தலையிலேயே கட்டி, இது உனக்குத்தான் பொருந்துகிறது என்கிறாள். நனோஹாவின் ரிப்பன் இரண்டு கைகளுக்கு நடுவே மாறியது. இங்கே கொடுத்ததைத் திருப்பிக் கட்டுகிறாள், கட்டப்படுகிறவளுக்கு என்ன நடக்கிறது என்றே தெரியாது. காதல் இருக்கிறதா என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நான்கில் இதுதான் மிகச் சத்தமான காதல். ஆனால் மடோகாவுக்கு என்ன வேண்டும் என்ற கேள்வி அதற்குள் மூழ்கிப்போகிறது.

'கார்ட்கேப்டர் சகுரா'வின் டொமோயோவை இந்த வரிசையில் சேர்க்கச் சொல்லிப் பலர் கேட்பார்கள். சகுராவுக்கு உடை தைத்து, வீடியோ எடுத்து, அவள் சந்தோஷமே போதும் என்று நிற்பவள். நான் சொல்லும் பிடிக்கும் வேறு, நீ சொல்லும் பிடிக்கும் வேறு என்று அவள் மெல்லச் சொல்லும் இடம் அழகு. ஆனால் அது ஒருதலை, ஜோடிகளோடு ஒப்பிடுவது அவளுக்கு நியாயமாகாது.

உதெனாவைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. 'ரெவல்யூஷனரி கேர்ள் உதெனா' 1997-இல் 39 எபிசோடுகளாக வந்தது. சேலர் மூனின் எஸ் பருவத்தை இயக்கிய இகுஹாரா குனிஹிகோ அங்கிருந்து வெளியேறி எடுத்த தொடர். இது மேஜிக்கல் கேர்ள் கதையே இல்லை என்று வாதாடுகிறவர்கள், அந்த நீண்ட படிக்கட்டு, ஒவ்வொரு வாரமும் அதே இசை, நெஞ்சிலிருந்து வாளை உருவும் அந்தக் காட்சி எல்லாவற்றையும் எங்கே வைப்பார்கள்?

ஆன்தி ரோஜா மணமகள். மாநிறம், நெற்றியில் பொட்டு. பள்ளியில் நடக்கும் வாள்சண்டையில் யார் ஜெயிக்கிறார்களோ அவர்களுக்குச் சொந்தம். இளவரசனாக ஆசைப்படும் உதெனா ஜெயிக்கிறாள், நீ எனக்குச் சொந்தமில்லை, சாதாரணப் பெண்ணாக இரு, நண்பர்களைச் சேர்த்துக்கொள் என்கிறாள். நல்ல மனசுதான். ஆனால் ஆன்திக்கு எது நல்லது என்று முடிவுகட்டுவது அங்கேயும் இன்னொருத்திதான். அத்தனை வாரமும் ஆன்தி அவளை 'உதெனா சாமா' என்றே அழைக்கிறாள். 'சாமா' என்றால் எஜமானிக்குக் காட்டும் மரியாதை. 38-வது எபிசோடில், பெண்ணான உன்னால் என் இளவரசன் ஆக முடியாது என்று முதுகில் வாளைப் பாய்ச்சுகிறாள்.

கடைசி எபிசோடில் உதெனா அந்தக் காயத்தோடு ஊர்ந்துபோய், விரல்களில் ரத்தம் வழிய ஆன்தி அடைபட்டிருக்கும் சவப்பெட்டியைத் திறந்து கையை நீட்டுகிறாள். ஆன்தியின் விரல்கள் ஒரு கணம் தொட்டு நழுவிவிடுகின்றன. இளவரசனாக நடிக்கத்தான் முடிந்தது, மன்னித்துவிடு என்று சொல்லி உதெனா தோற்றுப்போகிறாள், மறைந்தும் போகிறாள். பள்ளியும் அவளை மெல்ல மறந்துவிடுகிறது.

காப்பாற்றல் தோற்ற இடத்தில்தான் காதல் தொடங்குகிறது. அவள் மறையவில்லை, உங்கள் உலகத்திலிருந்து போய்விட்டாள், அவ்வளவுதான் என்று அண்ணன் அகியோவிடம் சொல்லிவிட்டு ஆன்தி கண்ணாடியைக் கழற்றி வைக்கிறாள். பெட்டியை எடுத்துக்கொண்டு பள்ளியின் வாசலைத் தாண்டுகிறாள். இந்த முறை நான் வந்து உன்னைத் தேடுவேன், காத்திரு என்கிறாள். அப்போது அவள் வாயில் வருவது 'உதெனா' மட்டும். 'சாமா' இல்லை. 1999-இல் வந்த படத்தில் இருவரும் முத்தமிட்டுக்கொண்டே அந்த உலகத்தைவிட்டு வெளியேறுகிறார்கள். அந்த முத்தத்தைவிட இந்த ஒரு பெயரே எனக்குப் பெரிது.

ஒன்றைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் உதெனாவைத்தான் கைகாட்டுவேன், 39 எபிசோடையும் வரிசை மாறாமல் பார்க்கச் சொல்லி. ஒரு மாலைப்பொழுதுதான் இருக்கிறது என்றால் சேலர் மூன் எஸ்ஸில் 106, பிறகு 110. மடோகாவைத் தனியாக இருக்கும்போது பார்க்காதீர்கள். பார்த்து முடித்ததும் பேசுவதற்கு யாராவது பக்கத்தில் இருக்கவேண்டும். எதைப் பார்த்தாலும் ஜப்பானிய ஒலியிலேயே பாருங்கள், பெயர்கள் காதில் விழட்டும்.